மெட்டி மறையும் தண்ணீர்

காலை ஐந்து மணி ஐம்பது நிமிஷம். ஆடி பிறந்து ஆறாம் நாள். கொள்ளிடம் பாலத்தின் தென்கோடியில் நின்றபோது முதலில் என் கண்ணில் பட்டது ஒரு மாட்டுவண்டி. அது பாலத்தின் மேல் வரவில்லை. பாலத்துக்குக் கீழே, ஆற்றின் நட்டநடுவில், மணலில் நின்றுகொண்டிருந்தது. வண்டிக்காரர் மாடுகளை அவிழ்த்துவிட்டு மண்வெட்டியால் மணலை வாரி ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் வாயில் பீடி புகைந்தது.

பாலத்தின் மூன்றாவது தூணைப் பார்த்தேன். அதில் வெள்ளைச் சாயத்தில் அடிக்கணக்கு எழுதியிருக்கும். பத்து வருஷமாக அந்தத் தூணைத் தினமும் பார்த்து எழுதியவன் நான். ஆடி ஆறாம் தேதி அங்கே ஆள் உயரத்துக்குக் குறைந்து தண்ணீர் நின்று கண்டதில்லை. அன்று தூணின் அடிக்கல் வெளியே தெரிந்தது. கல்லை ஒட்டி ஒரு நாய் சுருண்டு படுத்திருந்தது.

கரையில் ஒரு பரிசல் கவிழ்த்து வைத்திருந்தது. அதன்மேல் வலை விரித்திருந்தது. பக்கத்தில் குந்தியிருந்த பரிசல்காரர் என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. எப்போதும் எழுந்திருப்பார்.

"சாமி, ஆத்துல வண்டி வந்துருச்சு. தண்ணி எங்கங்க?" என்றார்.

கேலிக்குத்தான் கேட்டார், ஆனால் சிரிக்கவில்லை. பதில் சொல்ல வேண்டியவன் நான். தண்ணீர் வரும் என்று அவரிடம் சொன்னவன் நான்தான். அதை நம்பி அவர் ஒரு வேலையை விட்டிருந்தார்.

அப்போது நான் சென்னையில் அச்சான ஒரு தினப்பத்திரிகைக்குத் திருச்சி நிருபர். ஸ்ரீரங்கத்தில் கோவிலின் வடக்கு வாசலுக்குப் பின்னால் குடியிருந்தேன். ஆனி முதல் ஐப்பசி வரை எங்கள் பத்திரிகையில் தினமும் இரண்டு வரி வரும்: காவேரி இத்தனை அடி, கொள்ளிடம் இத்தனை அடி. மிராசுதார்கள் தலையங்கத்துக்கு முன்னால் அதைப் படிப்பார்கள். விடிந்ததும் இரண்டு ஆறுகளையும் பார்த்துவிட்டு, தபாலாபீஸ் திறந்தவுடன் தந்தி கொடுப்பது என் வேலை. மேலே ஈரோட்டில் தண்ணீர் ஏறினால் அங்கிருக்கும் எங்கள் நிருபர் எனக்குத் தந்தி அடிப்பார். அங்கே ஏறிய வெள்ளம் இரண்டாம் நாள் இங்கே வந்து சேரும். இதில் ஒரு நாளும் பிசகியதில்லை.

பரிசல்காரரும் நானும் பழகியது இந்த வேலையால்தான். ராத்திரியில் ஆறு எவ்வளவு ஏறியது என்று எனக்குத் தெரிய வேண்டும். அவர் கரையில் குச்சிகளை நட்டு வைத்துக் காலையில் காட்டுவார். அதற்குப் பதிலாக ஈரோட்டுத் தந்தியை நான் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன்னால் அவருக்குப் படித்துச் சொல்லுவேன். உடனே அவர் வலையைக் கூரையிலிருந்து இறக்குவார். அந்த வலை வருஷத்தில் ஆறு வாரம் மட்டும் தண்ணீரில் நனைவது. நான்கு விரல் நுழையும் கண். மிதவைக்குக் காய்ந்த சுரைக்குடுக்கைகள். அது ஒரே ஒரு மீனுக்காகக் கட்டிய வலை. அந்த மீன் உல்லம்.

மீன் தின்னாத வீட்டில் பிறந்தவன் நான். எனக்கு மீன் என்றால் தெப்பக்குளத்தில் பொரிக்கு வாயைத் திறப்பதுதான். இருபத்து நாலாம் வருஷத்துப் பெருவெள்ளத்துக்கு இரண்டு வருஷம் கழித்து, ஓர் ஆடி மாதக் காலையில், அவர் பரிசலின் அடியில் உல்லத்தை முதல்முறை பார்த்தேன். பதினெட்டு கிடந்தன. குடையை நீட்டி ஒன்றை அளந்தேன். குடையின் பாதியைத் தாண்டியது. முதுகு கருநீலம். பக்கங்கள் தட்டான் கடையிலிருந்து அப்போதுதான் வந்த வெள்ளி. வயிற்றின் அடியில் ரம்பப் பல் போலச் செதில் வரிசை. எல்லாம் ஒரே அளவில், ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்தன.

அவர் மனைவி கூடையைக் கொண்டு வந்து வைத்தாள். "தொட்டுப் பாருங்க சாமி. கடிக்காது. எப்பவோ செத்துப் போச்சு."

"எப்போது?" என்று கேட்டேன். நிருபர் புத்தி.

"தண்ணிய விட்டு வெளிய வந்த அந்த நிமிசமே. மத்த மீனு ஒரு நாழி கிடந்து துடிக்கும். இது மானஸ்தன்."

"அந்த மானத்துல அரைவாசி இவளுக்கு இருந்திருந்தா எங்க அம்மாகிட்ட வாங்கின பேச்சுக்கு என்னிக்கோ போயிருப்பா," என்றார் பரிசல்காரர்.

"போயிருந்தா உனக்கு யாரு தண்ணி பார்த்துச் சொல்றது? உன் அம்மாவா?"

தண்ணீர் பார்ப்பது என்பது என்ன என்று அன்றே எனக்குக் காட்டினாள். ஆற்றில் முழங்கால் ஆழத்துக்கு இறங்கி நின்று குனிந்து தன் காலைப் பார்ப்பாள். இரண்டாம் விரலில் வெள்ளி மெட்டி. அது தெரிந்தால் வலை போடக்கூடாது. தண்ணீர் இன்னும் பழையது. மேற்கே மலையில் பெய்த மழை செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்து, முழங்கால் ஆழத்தில் மெட்டி மறைந்துவிட்டால், உல்லம் மூன்று நாளில் வரும். அவர்கள் தெருவில் கல்யாணமான பெண்களெல்லாம் ஆடி பிறந்ததும் காலையில் ஆற்றில் இறங்கி இப்படி நிற்பார்கள். யாருடைய மெட்டி முதலில் மறைந்ததோ அந்த வீட்டு வலைதான் அந்த வருஷம் முதலில் இறங்கும். மெட்டி இல்லாத காலால் தண்ணீர் பார்க்கக்கூடாது என்பது கட்டுப்பாடு. புதிதாகக் கல்யாணமான பெண்ணின் மெட்டி பளபளவென்று இருக்கும், கடைசியில்தான் மறையும், அதனால் அவளை மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

மீன் கடலிலிருந்து வருகிறது. கடலுக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே பழைய அணை ஒன்று உண்டு. சாதாரண நாளில் அதை மீன் தாண்டாது. பெருவெள்ளம் வந்தால் அங்கே கதவுகளைத் தூக்கிவிடுவார்கள். அணைக்கு மேலும் கீழும் ஒரே தண்ணீராகிவிடும். அந்த நாட்களில் உல்லம் ஏறிவிடும். வயிறு நிறையச் சினையோடு எதிர்நீச்சலில் எங்கள் பாலத்தைக் கடந்து முக்கொம்பு வரை போய் முட்டும். போகிற வழியில் எதையும் தின்னாது என்று பரிசல்காரர் சொல்வார். "விரதம் சாமி. உங்க ஏகாதசி எல்லாம் இதுக்கிட்ட நிக்காது."

பெரியகடை வீதியில் தோல் மண்டி வைத்திருந்த ஒரு பாய் அந்த ஆறு வாரமும் விடியற்காலையில் ஜட்காவில் கரைக்கே வந்துவிடுவார். "சினை உள்ளதாப் பாத்து நாலு எடுத்து வைப்பா. சம்பந்தி வீட்டுக்கு அனுப்பணும். போன வருசம் ஒரு நாள் பிந்திப்போச்சு, மனுசன் பெருநாள் வரைக்கும் என்கூடப் பேசலே," என்பார். கடை வீதிக்குப் போகும் கூடையைவிட இப்படிக் கரையிலேயே வாக்குக் கொடுத்த மீன் அதிகம்.

நான் வீட்டுக்குப் போனால் என் மனைவி வாசலிலேயே நிறுத்துவாள். "கொல்லை வழியா வாங்கோ. தீர்த்தாமாடிட்டுத்தான் உள்ள. இன்னிக்கு எத்தனை அடின்னு நீங்க சொல்லவே வேண்டாம். உங்க வேஷ்டி சொல்றது."

பிறகு மேட்டூரில் அணை எழும்பியது. நான் இரண்டு தடவை அங்கே போய் எழுதினேன். பெரிய வேலை. அதைப் பார்த்து வியக்காதவன் கிடையாது, நானும் வியந்தேன். திறப்பு விழாவுக்குப் பிறகு நான் எழுதிய கட்டுரையின் கத்தரிப்பு என்னிடம் இன்னும் இருக்கிறது. "இனிக் கொள்ளிடத்தின் வழியாக வீணாகக் கடலுக்குப் போகும் தண்ணீர் இராது" என்பது அதில் ஒரு வாக்கியம். எழுதும்போது அதில் தவறு ஏதும் எனக்குத் தெரியவில்லை. வெள்ளத்தில் வீடு இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மார்கழியில் தண்ணீர் இல்லாமல் கருகிய நெல்லையும் பார்த்திருக்கிறேன். அந்த வாக்கியத்தைப் பலர் கைதட்டிப் படித்தார்கள்.

அணை முடிந்த மறுவருஷம், ஆனி கடைசி வாரம், பரிசல்காரர் என்னைத் தேடி வடக்கு வாசலுக்கு வந்தார். அதற்குமுன் அவர் அங்கே வந்ததில்லை. சட்டை போட்டிருந்தார். அதையும் நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"ஒண்ணு கேக்கணும் சாமி. என் மச்சான் பொன்மலையில ரயில் பட்டறையில இருக்கான் தெரியுமில்ல? அங்க ஒரு ஆள் வேணுமாம். மேஸ்திரிகிட்ட எனக்காகச் சொல்லி வெச்சிருக்கான். ஆடி ஒண்ணாந்தேதி சங்கு ஊதறப்ப நான் வாசல்ல நிக்கணும். இல்லேன்னா வேற ஆள்."

"நல்ல வேலையாச்சே."

"நல்ல வேலைதான். ஆனா தெனம் போவணும். உல்லம் வந்தா நான் எங்க போவேன்? ஆறு வாரம் அது. அந்த ஆறு வாரத்துலதான் மிச்சம் வருசத்துக்குக் கஞ்சி." தலையைச் சொறிந்துகொண்டார். "எல்லாரும் அணை கட்டிட்டாங்க, இனிமே தண்ணி வராதுங்கறாங்க. பொண்டாட்டி பட்டறைக்குப் போங்கறா. நீங்க சொல்லுங்க. வருமா, வராதா?"

என் சட்டைப் பையில் அன்று காலை வந்த தந்தி இருந்தது. இப்போது ஈரோட்டிலிருந்து அல்ல, மேட்டூரிலிருந்து தந்தி வரத் தொடங்கியிருந்தது. எடுத்துப் படித்தேன்: தண்ணீர் திறந்தாயிற்று, நாளுக்கு நாள் அதிகமாகும்.

"திறந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் இங்கே இருக்கும்," என்றேன். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. பத்து வருஷப் பழக்கம். மேலே தண்ணீர் வந்தால் கீழே தண்ணீர்.

அவர் முகம் மலர்ந்தது. "அதானே பாத்தேன். ஆத்தைப் பூட்டி வைக்க முடியுமா?" பட்டறைக்கு ஆவணி கழித்து வருகிறேன் என்று மச்சானுக்குச் சொல்லியனுப்பினார். ஆடி முதல் தேதி சங்கு ஊதியபோது மேஸ்திரி வேறு ஒருவரை எடுத்துக்கொண்டார்.

நான் சொன்ன மூன்றாம் நாள் தண்ணீர் வந்தது. காவேரியில் வந்தது. அம்மா மண்டபத்தில் படிக்கட்டு முழுகியது, பெண்கள் பூவும் மஞ்சளும் கொண்டுபோய்க் கும்பிட்டார்கள். நானும் தந்தியில் அடிக்கணக்கைக் கொடுத்தேன். வடக்கே கொள்ளிடத்தில் மட்டும் நாளுக்கு நாள் மணல் காய்ந்தது. ஒரு நாள் பிந்துகிறது, இரண்டு நாள் பிந்துகிறது என்று நானும் அவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே இருந்தோம். அவர் மனைவி தினமும் காலையில் ஆற்றில் இறங்கினாள். முழங்கால் ஆழத்தைத் தேடி நடு ஆறு வரை நடந்துவிட்டுத் திரும்புவாள். "கணுக்கால்கூட நனையலே," என்பாள். ஆடி ஆறாம் நாள் அந்த மணல் வண்டி வந்தது.

அன்றே ரயிலேறி எலமனூரில் இறங்கி முக்கொம்புக்கு நடந்தேன். காவேரி அங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. தெற்கே காவேரிப் பக்கம் கதவுகள் எல்லாம் திறந்து தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு போயிற்று. நல்ல தண்ணீர். அடியில் கிடந்த கல் தெரிந்தது. அதைப் பார்த்தும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. வடக்கே கொள்ளிடத்தின் வாயில் கதவுகள் ஒன்று விடாமல் இறங்கியிருந்தன. அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். தளம் காய்ந்து வெடித்திருந்தது. ஓணான்கள் ஓடின.

கதவுகளைக் காவல் பார்த்த லஸ்கர் கேழ்வரகுக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார்.

"கொள்ளிடத்துக்கு எப்போது திறப்பீர்கள்?"

"கொள்ளிடத்துக்கா? அதுக்கு எதுக்குங்க தண்ணி? அது வடிகாலு. மேல அணை ரொம்பி வழிஞ்சாத்தான் அந்தப் பக்கம் விடறது. அணை ரொம்ப இன்னும் எத்தனையோ நாளு ஆவும். இந்த வருசம் சந்தேகந்தான்." கூழை வைத்துவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார். "நீங்க பேப்பர்காரருதானே? நீங்கதானே எழுதினீங்க, இனிமே ஒரு சொட்டு வீணாப் போவாதுன்னு? இங்க எல்லாருக்கும் படிச்சுக் காட்டினோமே!"

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். நான் அந்தக் கதவுகளின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். இரும்பு வெயிலில் சுட்டது. கையை எடுக்க வேண்டும் என்று தோன்றச் சற்று நேரம் ஆயிற்று.

ஊர் திரும்பிப் பரிசல்காரரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் மனைவி திட்டினாள். என்னை அல்ல. "பேப்பர்ல வர்றதெல்லாம் உனக்கு வேதம். என் காலு சொன்னா கேக்க மாட்டே. வைகாசியிலேருந்து சொல்றேன், காத்து மாறிப்போச்சுன்னு." அவர் என் பக்கம் திரும்பி, "அப்ப மீனு எங்க சாமி?" என்றார்.

எனக்கு அந்தக் கேள்வி அதுவரை தோன்றவே இல்லை.

"கடல்லேருந்து அது கிளம்பியிருக்கும். அதுக்குத் தந்தி போவாது பாருங்க. கீழ மழைத்தண்ணி கொஞ்சம் ஓடினாலும் ஏறிடும். அணைக்கரை வரைக்கும் வந்திருக்கும். அங்க கதவைத் தூக்கலேன்னா?"

மறுநாள் இருவரும் கும்பகோணத்துக்கு ரயிலில் போய், அங்கிருந்து பஸ்ஸில் அணைக்கரைக்குப் போனோம். பகல் பதினொன்றரை மணிக்கு இறங்கினோம். அணை கண்ணில் படுவதற்கு முன்பே நாற்றம் வந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் மேல்துண்டால் மூக்கை மூடிக்கொண்டு, "ஒரு வாரமா இப்படித்தாங்க," என்றார்.

அணைமேல் போகும் பாலத்திலிருந்து கீழே பார்த்தேன். அணையின் அடியில் ஒரு நீண்ட குட்டை. கதவு இடுக்குகளில் கசிகிற தண்ணீர்தான் அதற்கு ஆதாரம். அந்தக் குட்டையில் தண்ணீர் தெரியவில்லை. முதுகுகள்தான் தெரிந்தன. கருநீல முதுகுகள், ஒன்றின்மேல் ஒன்று, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை. கசிவு விழுகிற இடங்களில் மீன்கள் சுவரை நோக்கித் துள்ளின. ஒரு முழம் எழும்பிக் கல்லில் மோதி விழுந்தன. விழுந்தது மறுபடியும் எழுந்தது. சில மோதிய இடத்திலேயே கல்லில் ஒட்டிக்கொண்டு காய்ந்திருந்தன. சுவர் நெடுக வெள்ளிச் செதில்.

குட்டைக்குள் ஆண்களும் பெண்களும் இறங்கித் தடியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். வலை யாரிடமும் இல்லை. அவசியமில்லை. முறத்தால் வாரினார்கள். கூடை, சாக்கு, கோணி, குளிப்பாட்டும் அண்டா எல்லாவற்றிலும் மீன். கரையில் வரிசையாக வண்டிகள். தின்பதற்கு ஆள் தீர்ந்துபோய், விற்பதற்கும் ஆள் தீர்ந்துபோய், மிச்சத்தை வாழைக்கும் தென்னைக்கும் எருவாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நடக்கும் இடமெல்லாம் மஞ்சளாகச் சினை மிதிபட்டுக் கிடந்தது. காக்கைகள் பறக்காமல் நடந்து நகர்ந்தன. நாய்கள் மீன் நடுவில் படுத்திருந்தன, எதையும் முகரவில்லை.

ஒரு பெண் பரிசல்காரரைப் பார்த்து, "என்னய்யா வேடிக்கை? எறங்கி எடு! மாமியா வீட்டுல கேட்டாத்தான் எடுப்பியா?" என்று கத்தினாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவர் இறங்கினார். எடுக்கவில்லை. குட்டையின் ஓரத்தில் முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டு, ஒரு மீனைப் பிடித்து வயிற்றை லேசாக அழுத்திப் பார்த்தார். சினை வழிந்தது. அதைத் திரும்பத் தண்ணீரில் விட்டார். அது கவிழ்ந்து மிதந்தது. இன்னொன்றைப் பிடித்தார். அதுவும் அப்படியே. மூன்றாவதைக் கையில் ஏந்திக்கொண்டு கதவுகளை அண்ணாந்து பார்த்தார். அதைத் தூக்கி அந்தப் பக்கம் எறிந்துவிடலாமா என்று அவர் கணக்குப் பார்ப்பது போல இருந்தது. அந்தப் பக்கமும், கதவை ஒட்டித் தேங்கிய கொஞ்சம் தண்ணீருக்கு அப்பால் மணல்தான்.

நான் நிருபராக ரயில் கவிழ்ந்த இடத்துக்குப் போயிருக்கிறேன். காலரா வந்த தெருக்களில் நடந்திருக்கிறேன். எங்கேயும் என் கை நோட்டுப் புத்தகத்தை எடுக்க மறுத்ததில்லை. அன்று மறுத்தது. சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்துதான் ஒரு வரி எழுதினேன்: "மீன்மேல் மீன். தண்ணீருக்கு இடமில்லை."

அதை விரித்து ஒரு பத்திச் செய்தியாக அனுப்பினேன். சென்னையிலிருந்து ஆசிரியர் கார்டு போட்டிருந்தார்: நடவு வேலைகள் பற்றி எழுதவும், மீன் விஷயம் பின்னால் பார்க்கலாம். நடவு நன்றாக நடந்துகொண்டிருந்தது. அதையும் பொய் இல்லாமல் எழுதினேன். அந்த வருஷம் சொந்த ஊரில் என் மூன்று சித்தப்பாக்களின் வயல்களுக்கு நாள் தவறாமல் தண்ணீர் வந்தது.

ஆவணியில் பரிசல்காரரும் மனைவியும் ஊரை விட்டுப் போனார்கள். பொன்மலையில் இடமில்லை. தொட்டியம் பக்கத்தில் வாழைத்தோட்டத்தில் தார் வெட்டிச் சுமக்க ஆள் வேண்டியிருந்தது. வாய்க்காலில் இப்போது எந்நாளும் தண்ணீர், எல்லாரும் வாழை போட்டிருந்தார்கள். போகும் முன் என்னிடம் வந்து ஒரு கார்டை நீட்டினார். "விலாசம் நீங்களே எழுதி வெச்சுக்கங்க சாமி. கொள்ளிடத்துல தண்ணி வந்தா போட்டுடுங்க. வலையை எடுத்துக்கிட்டு வந்துடறேன்."

"தந்தியைப் படிச்சுச் சொல்ல வேணாம்," என்று அவர் மனைவி குறுக்கிட்டாள். "தூணுல நீங்க கண்ணால பாத்தப்புறம் போடுங்க."

அடுத்த ஆடியில் நான் தனியாக அணைக்கரைக்குப் போனேன். குட்டையில் தண்ணீர் தெரிந்தது. அங்கங்கே முதுகுகள். பத்துப் பதினைந்து பேர் முறத்தோடு நின்றார்கள். அதற்கு அடுத்த ஆடியில் வண்டிகள் வரவில்லை. அதற்கும் அடுத்த வருஷம் பாலத்தின் மேல் நின்று முக்கால் மணி நேரம் பார்த்தேன். ஒரு சிறுமி தூண்டிலில் கெண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். உல்லம் வருமா என்று கேட்டேன். "அப்படின்னா என்னங்க?" என்றாள்.

தோல் மண்டி பாய் இரண்டு வருஷம் ஆடி மாதம் ஜட்காவில் கரைக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். பிறகு வரவில்லை. என் தந்தியில் கொள்ளிடத்தின் வரி மட்டும் தொடர்ந்தது. பல மாதங்கள் அது ஒரே சொல்: இல்லை. யுத்தம் வந்து காகிதத்துக்குப் பஞ்சம் ஏற்பட்டதும் ஆசிரியர் அந்த வரியை எடுத்துவிட்டார். ஆனாலும் காலையில் அந்தப் பக்கம் போகும் வழக்கம் எனக்கு விடவில்லை.

யுத்த காலத்தில் ஒரு வருஷம் மேற்கே மழை விடாமல் பெய்தது. அணை நிரம்பி வழிந்தது. ஆவணி மூன்றாம் தேதி காலையில் கொள்ளிடம் தூணில் அடிக்கல் மறைந்திருந்தது. மறுநாள் என் இடுப்பளவு. நான் அன்றும் பொறுத்தேன். மூன்றாம் நாள் ஆள் உயரம் வந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து அந்தக் கார்டை எடுத்தேன். முனைகள் பழுத்திருந்தன. அதில் அச்சாகியிருந்த ராஜா இறந்துபோய் வேறு ராஜா வந்திருந்தார். மேலே கூடுதல் தபால்தலை ஒட்டி, "தண்ணீர் வந்திருக்கிறது. தூணில் பார்த்தேன்" என்று எழுதித் தபாலில் போட்டேன்.

கார்டு போட்ட மூன்றாம் நாள் அவர்கள் வந்தார்கள். அவர் தோளில் வலை. தோட்டத்துக் கொட்டகையில் எலி கடிக்காமல் பானைக்குள் வைத்திருந்தாராம். தார் சுமந்து ஒரு தோள் இறங்கியிருந்தது. பழைய பரிசலுக்குப் பதில் ஒன்றை எங்கோ கேட்டு வாங்கினார். அணைக்கரையில் கதவுகளைத் தூக்கிவிட்டார்கள் என்று நான் விசாரித்து வைத்திருந்தேன். இரண்டு பக்கமும் ஒரே தண்ணீர். அதையும் சொன்னேன்.

"முதல்ல நான் பாக்கறேன்," என்று அவர் மனைவி சேலையை ஏற்றிக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினாள். வயதாகியிருந்தது. ஓட்டம் வேகமாக இருந்ததால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முழங்கால் வரை போய்க் குனிந்தாள். நெடுநேரம் நிமிரவில்லை. நானும் கரையோரம் போய்ப் பார்த்தேன். ஆள் உயர வெள்ளம். ஆனால் மலைமண் எல்லாம் மேலே அணையிலேயே படிந்துவிட்டது. வந்த தண்ணீர் பச்சையாக, சுத்தமாக இருந்தது. கால்விரல் ஒவ்வொன்றும் தெரிந்தது. மெட்டி தெரிந்தது.

"போடாதே," என்றாள்.

"இவ்ளோ தூரம் வந்தாச்சு," என்றார் அவர்.

மூன்று பகல், மூன்று ராத்திரி போட்டார். நான் காலையும் மாலையும் போய்ப் பார்த்தேன். நாலாம் நாள் விடிந்ததும் வலையைக் கரையில் விரித்தார்கள். கெளுத்தி ஆறு, ஆமை ஒன்று, ஒரு வாழைத்தார். தார் பூவன் ஜாதி. பழுக்க இன்னும் பத்து நாள் ஆகும் என்று அவர் சொன்னார்.